முகம் வைக்காத கதவு

“என்ட வயித்த எதுக்குடா கதவுல வரைஞ்ச?”

ஹாஜியார் கேட்ட முதல் கேள்வி அதுதான். கல்முனைக் கடைத்தெருவில் புடைவைக்கடை வைத்திருப்பவர். அவருடைய கடைப் பலகை நான் எழுதியது, அவர் மகனுடைய கடைப் பலகையும் நான் எழுதியதுதான். யுத்தம் முடிந்த வருடம், ஒரு பாடசாலை மண்டபத்தில் மூன்று நாள் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். அதன் இரண்டாம் நாள் காலை, வரிசையில் நின்ற பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அவர் கத்தினார்.

“ஹாஜியார், அது ஒங்கட வயிறு இல்ல.”

“மறுகா ஆர்ர வயிறு? இந்த ஊருக்குள்ள இப்படி வயிறு வேற ஆருக்கு இரிக்கி, சொல்லு பாப்பம்?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவரை இன்னும் கிளப்பிவிட்டது.

அவர் கை நீட்டிக் காட்டியது ஒரு வீட்டு வாசல் கதவு. அதில்தான் நான் வரைந்திருந்தேன். மேல்பாதியில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர். ஒரே தட்டில் நெய்ச்சோறு, இறைச்சி, ஆறு கைகள். ஒருவருடைய இடுப்புச் சாரன் நெகிழ்ந்து கிடக்கிறது, ஒருவர் தலையை அண்ணாந்து சிரிக்கிறார், பின்னால் தெருவெல்லாம் வெடித்த பட்டாசின் சிவப்புக் கடதாசி. கீழ்ப்பாதியில் மணல். மணலில் ஒரு பெண்ணின் கை, முழங்கையிலிருந்து கீழே மட்டும். வீங்கிய கை. அதிலிருந்து வளையலை இன்னொரு கை கழற்றுகிறது, கத்தியோடு. ரத்தம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

முகம் மட்டும் ஒருவருக்கும் இல்லை. முட்டை மாதிரி மொழுமொழு என்று விட்டிருந்தேன்.

“ஏன் இவ்வளவு ரத்தம்? ஏன் இந்தக் கூத்து? ஒரு பூ, ஒரு வயல், ஒரு கொக்கு, அப்படி வரையேலாதா மனிசனுக்கு?” கண்காட்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு படித்த மனிதர் இதையே இன்னும் நாகரிகமாகக் கேட்டார். எல்லாரையும் பார்த்து எனக்கு ஒரே ஒரு பதில்தான் வாயில் வந்தது, பயத்தில் அதை விழுங்கிவிட்டேன். இப்போது எழுதுகிறேன்: நான் எங்கேயும் போய் இதைக் கொண்டுவரவில்லை. நீங்கள்தான் கொண்டுவந்து என் கண்ணுக்குள் கொட்டினீர்கள். கொட்டிவிட்டு, கொக்கு வரை என்கிறீர்கள்.

பூவும் கொக்கும் வரைந்தவன்தான் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பலகை எழுதுகிற ஒருவரோடு சேர்ந்து தூரிகை பிடித்தேன். எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் பயம். பலகை முடிந்ததும் தெருவில் போகிற வாத்தியார்மாரை மறித்து, “சேர், இத ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்க” என்று கெஞ்சுவேன். அவர் வாசித்துவிட்டுப் போனபின் இன்னொரு வாத்தியாரையும் மறிப்பேன். முதல் ஆள் கவனமில்லாமல் வாசித்திருந்தால்?

முகம் வரைவதில்லை என்பது பழைய ஏற்பாடு. நான் குடியிருப்பது மனைவியின் வீடு. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்: பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து ஏறுவார். அவள் முதல் மாதமே சொல்லிவிட்டாள்: “இஞ்சேருங்க, படம் இரிக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க. நீங்க தொழில் செய்யுங்க, முகம் மட்டும் வேணாம்.” வானவர்கள் வராமல் போய்விடுவார்களோ என்று எனக்கும் பயம், மறுமையைப் பற்றியும் பயம்தான். தையற்கடைப் பலகையில் சட்டை மட்டும் வரைவேன், தலை இல்லாமல். சலூன் பலகையில் தலைமயிரும் இரண்டு காதும் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. சலூன்காரர் கேட்டார், “என்ன தம்பி, வெட்டின பிறகு ஆள் காணாமப் போயிருவானா?”

சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் நிந்தவூரில் பிரதான வீதிக் கடையொன்றில் ஏணியில் நின்றேன். ஏணியில் ஏறுமுன் மூன்று தரம் ஆட்டிப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கும் ஆட்டிப் பார்த்தேன். ஏணியைப் பற்றித்தான் எனக்குக் கவலை, கடலைப் பற்றி இல்லை. சனம் கத்திக்கொண்டு ஓடிவந்தபோது இறங்கி, காரைதீவு கடந்து சாய்ந்தமருதுக்கு ஓடினேன். என் அக்கா, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், அவள் வீடு அங்கே, கடலுக்கு மூன்றாவது வளவு.

வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது.

ராத்தாவை மறுநாள்தான் பார்த்தேன். அதற்குள் வேறு ஆட்கள் தூக்கிவந்து, ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் மற்ற மையத்துகளோடு, பிரேதத்தோடு பிரேதமாக, கிடத்தியிருந்தார்கள். முகத்தை வைத்து நான் அடையாளம் கண்டேன் என்று சொல்ல முடியாது. சட்டைத் துணியை வைத்துத்தான். அவளுடைய வலது கையில் எப்போதும் இரண்டு வளையல் கிடக்கும், கயிறு முறுக்கின மாதிரி வேலைப்பாடு. அதைக் கழற்றி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று கை வெறுங்கையாக இருந்தது. மணிக்கட்டில் இரண்டு நீளக் கீறல்.

குளிப்பாட்ட வந்த பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “இது கடல் செஞ்ச வேல இல்ல, தம்பி.”

கடல் வீட்டைப் பிடுங்கும், வளையலைக்கூடப் பிடுங்கும். கத்தி பிடிக்காது. நான் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். அழுகிற வீடுகளுக்குப் போய்ச் சொன்னேன். “கடல் எடுத்ததெண்டு நினைச்சிக்கிட்டு உடுங்க” என்றார்கள். மச்சானிடமும் சொன்னேன். ராத்தாவின் புருசன், வலைக்குப் போகிறவர். அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பதின்மூன்று வயது மகள் மரத்தில் தொங்கித் தப்பியிருந்தாள், அவள் அவருடைய முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவம், மனிசன் பேச்சிழந்துபோனார் என்று நினைத்தேன்.

நாலாம் நாள், தென்னந்தோட்டம் ஒன்றில் ராத்தாவின் வாசல் கதவு கிடைத்தது. பச்சை நிறம், உச்சியில் வெள்ளைப் பிறை. அவள் கலியாணத்துக்கு நான் அடித்த பெயின்ட், நான் போட்ட பிறை. அந்த வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். “இத வெச்சி நான் என்ன செய்ய, எந்தச் சுவருக்குப் பூட்ட?” என்றார் மச்சான். நான் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை குவிந்தது. அதைச் சொல்லும்போதே வாய் கசக்கிறது. எல்லா உதவிக்கும் ஒரு பலகை. தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு பலகை, கூடாரத்துக்கு ஒரு பலகை. மலசலகூடம் சின்னதாக இருக்கும், அதைக் கட்டியவர்களின் பலகை பெரிதாக இருக்கும். சனம் படங்குத் துணிக்குக் கீழே நனைந்துகொண்டிருக்க, திறப்புவிழாக்களில் கேக் வெட்டினார்கள். நான் வெள்ளை அடித்து, நீலத்தில் எழுதி, வாத்தியார்மாரை மறித்து வாசிக்கச் சொன்னேன்.

அறுகம்பேயில் ஒரு விடுதிக்காரர் ஆள் அனுப்பினார். அலை வரைய வேண்டுமாம், குடிக்கிற இடத்துக்குப் பின்சுவரில், முழுச் சுவருக்கும். வெளிநாட்டுக்காரர் அதற்கு முன்னால் நின்று படம் எடுப்பார்களாம். போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், வீட்டில் அடுப்பு இருந்தது. அலையை வரைந்தேன். அலைக்குள் என் கை தானாகவே ஒரு செருப்பைப் போட்டது, பிறகு ஒரு கதிரை, ஒரு பிள்ளையின் புத்தகப்பை.

விடுதிக்காரர் பார்த்தார். “இதெல்லாம் என்ன குப்ப? செருப்ப எடுங்க. அலை மட்டும் போதும், வடிவா.”

எடுத்தேன். மூன்றாம் நாள் மாலை, என் வடிவான அலைக்கு முன்னால் அரைகுறை உடுப்போடு ஆடினார்கள். கையில் போத்தல். ஒருவன் அலையைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தி, சாகிறவன் மாதிரி நடித்துக் காட்டினான், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விடுதிக்காரரும் சிரித்தார். அவரும் இந்தக் கரைக்காரர்தான், அவர் வீட்டிலும் கடலால் சாவு, மவுத்து விழுந்திருந்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு யுத்தம் முடிந்த நாள். நான் நியாயமாகச் சொல்ல வேண்டும்: எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கும் இயக்கத் துப்பாக்கிக்காரர்கள் செய்த கொடுமை இருக்கிறது. பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்ட காலத்தை நான் மறக்கவில்லை. முடிந்தது என்று கேட்டதும் எனக்கும் ஒரு மூச்சு வந்தது. மூச்சு விட்டதோடு நின்றிருக்கலாம்.

ஹாஜியார் அவசரமாகக் கூப்பிட்டார். ‘வெற்றி’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை, சிங்களத்திலும் தமிழிலும், அன்றைக்கே வேண்டும். எழுத மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. பட்டறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போது தச்சரண்ணன் வந்தார். பாண்டிருப்பு ஆள், தமிழர், என் பலகைகளுக்கு மரச்சட்டம் அடிப்பவர். அவருடைய தங்கச்சி குடும்பத்தோடு வன்னியில், சண்டைக்குள் இருந்தாள், மூன்று மாதமாகத் தகவல் இல்லை. அவர் பலகையைப் பார்த்தார். நான் தூரிகையைத் தூக்கிக்கொண்டு அப்படியே இருந்தேன்.

“எழுதுங்க தம்பி,” என்றார். “சட்டம் அடிக்கத்தானே என்னை வரச்சொன்ன நீங்க.”

அவர்தான் சட்டம் அடித்தார். நாலு மூலையும் நேராக, ஒரு ஆணி வளையாமல். அடித்துவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார், ஏறாமல்.

பகல் பன்னிரண்டு மணிக்கு நான் பலகையைக் கொண்டுபோய்க் கட்டினேன். வெடி போட்டுத் தெரு சிவந்து கிடந்தது. ஹாஜியார் வீட்டு விறாந்தையில் மாடு அறுத்துச் சமைத்த சோறு. ஒரு சஹனுக்கு ஆறு பேர். ஒரு சஹனில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். “வாங்க ஓவியர், ஒங்களுக்குத்தான் இடம் கிடக்கு” என்று கையைப் பிடித்து இழுத்து இருத்தினார்கள். எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வன்னிப் பக்கத்து ஒரு கடனீரேரிக்கரை. ஆழமில்லாத தண்ணீரில் உடல்கள். ஒருவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: “அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்கவன்.”

சத்தத்தைக் கூட்டினார்கள். நான் கையை எடுக்கவில்லை. சஹனிலிருந்து இடையில் எழும்பினால் மரியாதையில்லை என்று பயந்தேன். அந்தத் தண்ணீரில் கிடந்த ஒரு பெண்ணின் கை வெறுங்கையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ராத்தாவின் கதவை எடுத்து வளவில் சாத்தினேன். பச்சையைச் சுரண்டினேன். பிறையை மட்டும் விட்டேன். பதினோரு நாள் வரைந்தேன். மனைவி சமையலை விட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்று பார்த்தாள். “முகம் இல்லத்தானே?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, போய் அழுதாள்.

தச்சரண்ணன்தான் கதவை மண்டபத்துக்கு ஏற்ற உதவி செய்தவர். வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: “முகம் வெச்சிருந்தா ஆறு பேருக்குத்தான் கோவம் வரும். இப்ப ஊருக்கே வரும். கவனம் தம்பி.”

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. முகம் வைக்காததால் ஒருவருக்கும் கெடுதல் செய்யவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். கண்காட்சியின் முதல்நாள், சுனாமி நிவாரணக் குழுவில் இருந்த வாத்தியார் ஒருவர் வந்தார். என் பலகைகளை அந்தக் காலத்தில் வாசித்துச் சரி சொன்னவர். “வளையல் கழட்டுற கை என்ட கை எண்டு ஆக்கள் கதைக்கிறாங்களாம்” என்றார். ஒருவரும் அப்படிக் கதைக்கவில்லை. அவருடைய கையில் என்ன இருந்ததென்று அவருக்குத்தான் தெரியும். இரண்டாம் நாள் ஹாஜியாரும் வயிறும். அன்று மத்தியானமே, கதவை மூன்றாம் நாளைக்குள் வெள்ளையடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்டபத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் வந்து சொன்னார்கள்.

 வாழ்க்கையில் முதல்தரமாக, மாட்டேன் என்று சொன்னேன். என் ராத்தாவின் கையைக் கீறினவன் இந்த ஊருக்குள் எங்கேயோ நடந்து திரிகிறான். அவன் ஒருநாள் இந்தக் கதவுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அவன் வரும்வரை ஒரு சொட்டு வெள்ளையும் இதில் படாது. இதை நான் அழுதுகொண்டு சொன்னேன், அது வேறு கதை.

மூன்றாம் நாள், மண்டபம் காலியான பின்னேரம், அசர் தொழுகை நேரத்தில் மச்சான் வந்தார். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கதவுக்கு முன்னால் போய் நின்றார். குனிந்து கீழ்ப்பாதியைப் பார்த்தார்.

“கத்தி இப்படி இல்ல மச்சான்,” என்றார்.

“என்ன?”

“இது குசினிக் கத்தி. அது வலை வெட்டுற கத்தி. சின்னது. என்ட மடியில கிடந்தது.”

 அவர் கதவைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டு போனார். “நான்தான் அவள முதல்ல கண்ட, மத்த ஆக்கள் வந்து தூக்க முந்தி. நகையோட அடக்கேலாதுதானே, எப்படியும் கழட்டத்தான் வேணும். நான் கழட்டாட்டி வேற ஒருத்தன் கழட்டுவான், அங்க அப்படி ஆக்கள் நிண்டாங்க மச்சான், நான் கண்டன். கை வீங்கிப் போச்சி. வளையலுக்கும் தோலுக்கும் நடுவுல கத்திய உட்டு நெம்பின. வழுக்கிட்டு. ரெண்டு தரம் வழுக்கிட்டு.” அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். “ஊடும் போச்சி. பொம்புளப் புள்ளைக்கு மிஞ்சினது அந்த ரெண்டும்தான். கலியாணத்தண்டு போடுவாள். நீங்க பாப்பீங்க. அதுக்கு முந்திச் சொல்லணும்.”

“அஞ்சு வருசம், மச்சான். நான் ஊரெல்லாம் கள்ளனத் தேடித் திரிஞ்சன். ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே,” என்றார். “கள்ளன் எண்டு. மறுகா நான் எப்படிச் சொல்ற?”

எனக்கு அவர்மேல் வந்த கோபம் நிற்க இடமில்லாமல் என் பக்கம் திரும்பியது, பிறகு அங்கேயும் நிற்கவில்லை. அந்தக் கைக்குச் சொந்தமில்லாதவர்களெல்லாம் கத்திக்கொண்டு வந்தார்கள். சொந்தக்காரன் கடைசியில் வந்து, கத்தியின் அளவைத் திருத்திச் சொல்லிவிட்டு நிற்கிறார். அழிக்கச் சொல்லி அவர் கேட்கக்கூட இல்லை.

அன்றே கதவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை கீழ்ப்பாதியை மூடிப் பழைய பச்சையை அடித்தேன். ராத்தாவின் கை, மச்சானின் கை, ரத்தம், மணல் எல்லாம் போனது. ஊரார் சொன்னதற்காக அல்ல. ஒரு தகப்பனை மகளின் கலியாணத்துக்கு முன்னால் மணலில் வைத்துக் குத்திக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை செரிக்காதது.

நான் கீழ்ப்பாதியை மூடிவிட்டேன் என்று கேள்விப்பட்டு ஹாஜியார் வளவுக்கு வந்தார். கதவைப் பார்த்தார். மேலே ஆறு பேர் தின்கிறார்கள், சாரன் நெகிழ்ந்து கிடக்கிறது, பட்டாசுக் கடதாசி, பிறை. கீழே பச்சை. அவர் முகம் மலர்ந்தது.

“இப்பதான் படம்! பாரு, கலியாண வீடு மாதிரி இரிக்கி. அது என்ட வயிறுதானே?”

“அண்டைக்கு இல்லெண்டு சொன்னன்.”

“சும்மா கதைக்காத. என்ட வயிறுதான். நாளைக்கு ஆள் அனுப்புறன், கடையில மாட்டுவம்.”

அவ்வளவுதான். தின்றதில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. கூத்து அவருக்குப் பிரச்சினையே இல்லை. அதற்குக் கீழே கிடந்தவள்தான் பிரச்சினை. அவளை மூடிவிட்டால், அதே விருந்து கடையில் மாட்டுகிற அலங்காரம். அறுகம்பேயில் செருப்பை எடுத்த அதே கையால் நான் திரும்பவும் வடிவான அலை வரைந்து கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை அவருடைய ஆள் வருமுன் சிவப்பைக் குழைத்தேன். மிகச் சின்னத் தூரிகை, எழுத்துக்குப் புள்ளி வைக்கிற தூரிகை. சஹனில் கிடந்த ஆறு கைகளின் நகங்களுக்குள்ளும் வைத்தேன். நகத்துக்குள் மட்டும், வேறு எங்கேயும் இல்லை. தூர நின்றால் தெரியாது. ஆறாவது கை என்னுடையது. அதற்கு வைக்கும்போதுதான் தூரிகை வழுக்கி, கொஞ்சம் கூடுதலாகப் பட்டுவிட்டது. துடைக்கவில்லை.

ஹாஜியாரே லொறியோடு வந்தார். கிட்டப்போய், தன் வயிற்றைத் தடவிப் பார்க்கிற மாதிரிக் கதவைத் தடவினார். கை கீழே இறங்கி சஹனுக்கு வந்தது. அங்கே நின்றது. குனிந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பி, தன்னுடைய நகங்களைப் பார்த்தார்.

“லொறியத் திருப்பு,” என்றார் சாரதியிடம்.

கலியாணத்தில் ராத்தா மகளின் கையில் அந்த இரண்டு வளையல் கிடந்தது. கயிறு முறுக்கின மாதிரி. “மாமா, உம்மாட கதவ எனக்குத் தாங்களன், புது ஊட்டு வாசலுக்குப் பூட்ட” என்று கேட்டாள். அவளிடம் நகங்களைப் பற்றி நான் சொல்லவில்லை. கதவு இப்போது அங்கேதான் இருக்கிறது, படம் உள்பக்கமாக. சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்தினால், வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.